நாற்பத்திரண்டு படிவங்கள்

மான்மவுத் ஜங்ஷன்
நவம்பர் 9, 2024

மாமா,

பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, உங்கள் அரிசி முறுக்கு, மானஸாவுக்கு இரண்டு ஃப்ளீஸ் பேன்ட் வைத்திருக்கிறேன். ரவுண்ட் ராக்கில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுக்கு அந்த ஒரு காலில் மட்டும் குளிரும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது.

போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அபார்ட்மென்ட் சின்னது, பக்கத்து அறையில் நம் பிள்ளை இருக்கிறாள், புரிகிறது. தமிழ் காதில் விழுந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கும், பதில்தான் இங்கிலீஷில் வரும். ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பாமல் ஐசலினில் நம் துணிக்கடையில் ஸ்வெட்டர் மடிக்க உட்கார வைத்தவள் நான்தான். அந்தத் தப்பு இன்றைக்கு உபயோகப்படுகிறது. காகிதம் மேசைமேல் கிடந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

வீட்டுக்கு வாருங்கள். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

ஆகஸ்டில் போகும்போது, மானஸாவுக்கு ஆஸ்டினில் காலேஜ், எனக்கும் அங்கே டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிட்டது, அவள் தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்றீர்கள். எல்லாம் சரியான காரணம். நான் இருபது வருஷமாகத் துணி விற்கிறவள். வாங்க மனசில்லாத ஆள் ஒருநாளும் மனசில்லை என்று சொல்லமாட்டார். கலர் சரியில்லை என்பார். நீங்கள் சொன்னது எல்லாம் கலர்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் கேட்கும் தெர்மல், கையுறை, ஸ்கீ ஜாக்கெட் எல்லாம் திருப்பூரிலிருந்து வந்து இறங்கிவிட்டன. வருகிறவர்களில் பாதிப் பேர், "ஸ்கீ சார் எங்கேங்க்கா?" என்று உங்களைக் கேட்கிறார்கள். பிப்ரவரி லாங் வீக்கெண்டுக்கு இந்த வருஷமும் வெர்மான்டுக்குப் பஸ் போடுவீர்களா என்றும் கேட்கிறார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பொங்கலுக்காவது இரண்டு பேரும் வாருங்கள்.

சாந்தாமணி


ரவுண்ட் ராக்
நவம்பர் 24, 2024

சாந்தா,

பார்சல் வந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, மானஸா அந்த ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "அம்மா சென்ட் இட், அப்பா" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

காலைப் பற்றிக் கேட்டாய். எலும்பு சேர்ந்துவிட்டது. முழங்காலும் பரவாயில்லை. நரம்புதான் திரும்பவில்லை. பாதம் மேலே தூக்க வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு காலேஜ் முழுக்க நடக்கிறாள். ஷூ மட்டும் இடது காலுக்கு ஒரு சைஸ் பெரிதாக வேண்டியிருக்கிறது. இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போடுகிறோம்.

பஸ் போடலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எப்படிக் கேட்க முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு மலைமேல் என்ன நடந்தது என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. நீ கீழே லாட்ஜில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

காலையில் பச்சை வட்டம் போட்ட இறக்கங்கள். அதெல்லாம் குழந்தைகள் போவது. பிறகு நீலச் சதுரம். மூன்றாவது வருஷம் அல்லவா, அழகாக இறங்கினாள். சாப்பாட்டுக்குப் பிறகு மேலே போனபோது, இருப்பதிலேயே கடினமான இறக்கத்துக்குப் போடும் கறுப்பு டைமண்ட் போர்டைக் காட்டி, "அப்பா, ஜஸ்ட் ஒன்ஸ்" என்றாள். நான் சரி என்றேன்.

இந்த நாட்டில் எனக்கு எல்லாவற்றுக்கும் யாராவது வழி சொன்னார்கள். வேலைக்கு ஒருவர், கிரீன் கார்டுக்கு ஒரு வக்கீல், வீட்டுக்கு நீ. நாற்பத்தொரு வயதில் ஆபீஸ் ஆட்களோடு போய், நானே விழுந்து நானே எழுந்து கற்றுக்கொண்டது ஸ்கீ ஒன்றுதான். அதை அவளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

கற்றுக்கொடுக்கிறவன் பின்னால் வரவேண்டும். நான் முன்னால் போனேன். காரணம் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் பனி நன்றாக இருந்தது. மேடும் பள்ளமுமாக, செங்குத்தாக. எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் "அப்பா" என்று ஒரு சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் கூவுகிறாள் என்று நினைத்துக் கீழேவரை போய்விட்டேன். கீழே நின்று மேலே பார்க்கும்போது அவள் எழவில்லை.

நான் திரும்ப ஏறிப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. ஸ்கீ காலிலேயே இருந்தது. கால்தான் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. "விழுந்தா ஸ்கீ தானா கழண்டுக்கும், பயப்படாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் நான் அவளை வளர்த்தேன். இரண்டு வருஷம் விழுந்த போதெல்லாம் கழன்றது. அன்றைக்குக் கழலவில்லை. அது கழல முடியாத அளவுக்கு மோசமான ஓர் இடத்துக்கு என் பிள்ளையை நான் கூட்டிப் போயிருக்கிறேன்.

வீட்டுக்கு வரச் சொல்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுவாள். நான் கீழே நிற்பேன். நீ என் கையில் காபியைக் கொடுத்து, "விடுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு" என்பாய். நீ கடையில் ஒரு பட்டன் குறைந்தால் சப்ளையரை அரை மணி நேரம் விடமாட்டாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அந்த வீட்டில் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

திருமூர்த்தி


மான்மவுத் ஜங்ஷன்
டிசம்பர் 4, 2024

மாமா,

பஸ் கிடையாது. சொல்லிவிட்டேன். கேட்டது தப்பு.

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். பாதியில் ஒரு அம்மா வந்து, பையனுக்கு ஸ்கீ பூட்ஸ் போட்டால் கால் வலிக்கிறதாம், இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து உள்ளே மூன்று சாக்ஸ் போட்டால் சரியாகுமா என்றார். போன வருஷம்வரை அந்த மூன்று சாக்ஸை ஒன்றாகக் கட்டி விற்றவள் நான். நீங்கள் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டீர்கள், "பூட்ஸுக்குள்ள கால் அசையக்கூடாது சாந்தா, மெல்லிசா ஒரு சாக்ஸ் போதும்" என்று. நான் அவரிடம் அதையே சொல்லி ஒரே ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் காரணம் இல்லை. மலை என்றால் விழுவார்கள். நீங்கள் பின்னால் வந்திருந்தாலும் விழுந்திருப்பாள். இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

அவள் விழுந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், ரிசார்ட் பாரில் நம் பஸ்ஸில் வந்த கோபாலசாமி அண்ணன் மைக்கை வாங்கிப் பாடினாரே, நினைவிருக்கிறதா? கரோக்கியில் தமிழ்ப் பாட்டு இல்லை என்றதும், "மியூசிக் எனக்கு எதுக்குங்க" என்று வெறும் வாயால் ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் மேசையைத் தட்டினார்கள். நீங்களும் மானஸாவும் வெளியே நெருப்புக் குழிக்குப் பக்கத்தில், பூட்ஸ் கொக்கி எல்லாம் அவிழ்த்துவிட்டு, டக் டக் என்று ஆடினீர்கள். நான் உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து

இதற்கு மேல் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கடையில் ஆள் காத்திருக்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

சாந்தாமணி


ரவுண்ட் ராக்
டிசம்பர் 20, 2024

சாந்தா,

உன்னிடம் சொல்லாமல் செய்தால் சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

மானஸாவின் காலேஜில் ஒரு குழு இருக்கிறது. கால் கை சரியில்லாதவர்களை நியூ மெக்ஸிகோவுக்கு ஸ்கீ செய்யக் கூட்டிப் போகிறார்கள். நல்ல காலில் ஒரே ஒரு ஸ்கீ, கையில் நுனியில் குட்டி ஸ்கீ வைத்த ஊன்றுகோல்கள். வீடியோ காட்டினாள். போகிறேன் என்றாள். முடியாது என்றேன். அவளுக்கு என் அனுமதி தேவையில்லை, பதினெட்டு முடிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். நான் கத்தினேன். வாழ்நாளில் அவளிடம் கத்தியதில்லை.

அவள் கத்தவில்லை. "இட்ஸ் மை லெக், அப்பா. யூ டோன்ட் கெட் டு பீ தி ஒன் ஹூ லாஸ்ட் இட்" என்றாள். பிறகு அவளே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், அந்தப் பட்டை தரையில் தட்டத் தட்ட.

எனக்குத் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் நடக்கவில்லை. யாராவது எங்கேயாவது "அப்பா" என்று கூப்பிட்டால், கிராசரிக் கடையில்கூட, நான் நின்று திரும்பிப் பார்க்கிறேன். போன வாரம் ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டு பிரேக் அடித்துவிட்டேன். பின்னால் வந்தவன் புண்ணியவான், ஒதுங்கிப் போனான். இப்போது ஃப்ரீவேயில் ஓட்டுவதில்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். சண்டைக்கு இல்லை. வீடு, கடை எல்லாம் உன்னுடையது, எனக்கு எதுவும் வேண்டாம். பிள்ளையின் காலை எடுத்தவன் மனைவியிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு இருப்பது எனக்கு முடியவில்லை. உன்னோடு இருக்க நான் தகுதி இல்லாதவன். ஜனவரியில் பேப்பர் தயாராகும்.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

திருமூர்த்தி


மான்மவுத் ஜங்ஷன்
டிசம்பர் 28, 2024

மாமா,

உட்கார்ந்து படியுங்கள். ஓட்டும் முன்னால் படிக்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு படிவங்கள். ஏழு மணிக்குள் கொடுத்தால் காலையில் ஸ்கீயும் பூட்ஸும் தயாராக இருக்கும், வரிசையில் நிற்க வேண்டாம் என்று வாடகைக் கடையில் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்களிடம் ஆளுக்கொன்று கொடுத்தால் விடியும்வரை எழுதுவார்கள் என்று மொத்தத்தையும் நானே வாங்கிக்கொண்டேன். பெயர், வயசு, உயரம், எடை, கால் அளவு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஜாக்கெட் விற்றவள் நான். பெண்கள் சொல்லும் எடையில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்றுகூடத் தெரியும்.

கடைசியில் ஒரு வரி. என்ன ரகம் என்று மூன்று கட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் எழுந்து போய் வாடகைக் கடைக் கவுண்டரில் இருந்தவரைக் கேட்டேன். "மூணுக்கும் வாடகையில என்ன வித்தியாசம்?" அவர், "நோ டிஃபரன்ஸ், மேம். சேம் பிரைஸ்" என்றார்.

எனக்கு அது போதும். ஒரே விலைக்கு முதல் தரம் கிடைக்கும்போது இரண்டாம் தரத்தைத் தூக்கிக்கொண்டு நான் என்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன்? நாற்பத்திரண்டு பேருக்கும் மூன்று போட்டால் சரக்கு இருக்காது, கடைக்காரர் மொத்தமாகக் குறைத்துவிடுவார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மற்ற எல்லோருக்கும் இரண்டு. மானஸாவுக்கு மட்டும் மூன்று.

அது சரக்கின் தரம் இல்லை, மாமா. ஓட்டுகிற ஆளின் ரகம். நீங்கள் உங்கள் சொந்த ஸ்கீயில் போகிறவர், அன்றைக்கு நான் நிரப்பிய படிவத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. மூன்று என்றால் வேகமாகப் போகிறவர், பூட்ஸை ஸ்கீயோடு சேர்க்கும் பிடி இறுக்கமாக வேண்டும், லேசில் கழலக்கூடாது என்று அர்த்தம். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பில்லில் கமா விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள், அதைப் படிக்கவில்லை. பாட்டுச் சத்தம், கோபாலசாமி அண்ணன், வெளியே நீங்கள் இரண்டு பேரும் ஆடுவது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக மூன்றில் டிக் அடித்தேன். சின்னப் பிள்ளைக்குப் பெற்றவர் போட வேண்டிய கையெழுத்தையும் நானே போட்டேன்.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அவள் படிவத்தை நீங்கள் நிரப்பினீர்கள். அதனால்தான் விழுந்த போதெல்லாம் கழன்றது. உங்கள் மலை அவள் காலைத் திருப்பவில்லை. நீலத்தில் விழுந்திருந்தாலும் அந்த ஸ்கீ கழன்றிருக்காது.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். அன்றைக்கே தெரியும்.

ஆம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம் என்று நீங்கள் போனீர்கள். எனக்குக் கார் வரும்வரை, வாடகைச் சாமான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நின்றேன். என் புத்தி அப்படித்தானே. அந்த ஆள் மானஸாவின் ஸ்கீயை எடுத்துப் பார்த்தார், படிவத்தை எடுத்துப் பார்த்தார். "ஹூ ஃபில்ட் திஸ்?" என்றார். நான், "மை டாட்டர்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் உயிருக்குக் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைமேல் பழியைப் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று. அவர் நல்ல மனுஷர். "கிட்ஸ் ஆல்வேஸ் திங்க் தே ஆர் எ த்ரீ" என்று பாவமாகச் சொல்லிவிட்டு, ஸ்கீயில் அந்தப் பிடியின் திருகாணியைக் கட்டைவிரலால் காட்டி, இது இவ்வளவு இறுகினால் அது கழலாது என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் காரிடாரில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஸ்கீ பேன்டோடு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான்தான் சாந்தா, நான்தான் பண்ணினேன்" என்றீர்கள். வாயைத் திறந்தேன். நீங்கள் திரும்பவும் அதையே சொன்னீர்கள். பேசாமல் உங்கள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது ஆபரேஷன் முடியட்டும். அவள் ஸ்கூல் பட்டமளிப்பு முடியட்டும். சரக்கைத் தேக்கி வைக்கிறவளுக்குத் தெரியும், நாள் ஆக ஆக அதை வெளியே எடுக்க முடியாது. நீங்கள் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் சொல்லியிருக்கலாம். பெட்டியை வெயிட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டியிருந்தால் இருந்திருப்பேன் என்று எழுதினீர்கள். எந்த வாயால் திட்டுவேன்?

உங்களுக்குத் தகுதி இல்லை என்று எவனாவது ஒரு வக்கீல் பேப்பரில் எழுதினால் அது பொய். இதைச் சொல்லத்தான் எழுதினேன். மற்றது உங்கள் இஷ்டம்.

சாந்தாமணி


மான்மவுத் ஜங்ஷன்
ஜனவரி 22, 2025

மாமா,

பொங்கல் போய்விட்டது. கடிதம் கிடைத்தது என்று டிராக்கிங்கில் காட்டுகிறது. யார் கையெழுத்துப் போட்டு வாங்கினது என்று தெரியவில்லை. நீங்கள்தான் என்றால் ஒரு வெறும் காகிதத்தையாவது மடித்து அனுப்புங்கள். திட்டியே எழுதுங்கள். கைகால் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

கோபாலசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "யார்கிட்டயும் மூச்சு விட்டராதே தங்கச்சி, வியாபாரம் படுத்துரும்" என்றார். மறுநாள் மத்தியானத்துக்குள் நம் கடைத்தெரு, ஓக் ட்ரீ ரோடு முழுக்கத் தெரிந்திருந்தது. நல்லது. எனக்கு ஒவ்வொருவரிடமும் சொல்கிற வேலை மிச்சம்.

சாந்தாமணி


ரவுண்ட் ராக்
பிப்ரவரி 3, 2025

சாந்தா,

நான்தான் வாங்கினேன்.

கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து படித்தேன். நீ ஓட்டும் முன்னால் படிக்காதே என்று எழுதியிருந்தாய், ஓட்டி முடித்துவிட்டுப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க இறுக்கிய ஸ்கீ பூட்ஸைச் சாயங்காலம் கழற்றினால் கால் தரையில் படாத மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாடி ஏறி வீட்டுக் கதவைத் திறக்கும்போது அது போய்விட்டது.

மானஸாவிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் குடும்பத்தில் அது போதும். உன் கடிதத்தை அவளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். "மை டாட்டர்" என்ற இடம் வந்தபோது நிறுத்தப் பார்த்தேன். "கீப் கோயிங்" என்றாள். முடிந்ததும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "ஸோ ஷீ தாட் த்ரீ வாஸ் தி குட் ஒன்?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள், சாந்தா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எவ்ரிபடி கெட்ஸ் டூ, ஐ கெட் த்ரீ. தட் இஸ் ஸோ அம்மா" என்றாள்.

அவள் உன்னை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டாள். மே மாதம் லீவுக்கு உன்னிடம் வருவாள். டிக்கெட் போட்டாகிவிட்டது.

படிவத்தை நானும் மன்னித்துவிட்டேன். அது நீ அவள்மேல் வைத்த ஆசை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானாக இருந்தால் படித்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னால் தாண்ட முடியாதது அதற்குப் பிறகு நாம் ஒரே வீட்டில் இருந்த ஆறு மாதம். ஏப்ரலில் ஒரு நாள் நான் கராஜில் என் ஸ்கீ இரண்டையும் ரம்பத்தால் அறுத்தேன். உனக்குச் சத்தம் கேட்டு வந்தாய். தடுக்கவில்லை. அறுத்து முடிக்கும்வரை நின்றாய். பிறகு விளக்குமாறு எடுத்துவந்து அந்தத் தூளைக் கூட்டி அள்ளினாய். அன்றைக்கு நீ விளக்குமாறுக்குப் பதிலாக வாயைத் திறந்திருக்கலாம். கோயிலில் நான் தரையில் விழுந்து எழ மாட்டாமல் கிடந்தபோது பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாய். அப்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று இப்போது யோசிக்கிறேன். அந்த யோசனை எனக்கு வேண்டாம். ஆனால் வருகிறது. உன் கையில் காபி வாங்கும் போதெல்லாம் வரும்.

என்னைச் சுமக்க விட்டு, அதன் பாரம் எவ்வளவு என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கஷ்டமும் புரிகிறது. புரிவது வேறு, கூட இருப்பது வேறு.

டிசம்பரில் உன்னோடு இருக்க நான் தகுதி இல்லாதவன் என்று எழுதினேன். அந்தக் காரணம் இப்போது இல்லை. பேப்பர் அதேதான். இந்த வாரம் உனக்கு வரும்.

மார்ச்சில் மானஸா நியூ மெக்ஸிகோ போகிறாள். நானும் போகிறேன். ஸ்கீ வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். அவளுக்குப் பின்னால் வருவேன். இது நீ திருப்பிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் நீயே கடை வாசலைச் சுரண்டாதே, யாரையாவது வை.

திருமூர்த்தி


மான்மவுத் ஜங்ஷன்
பிப்ரவரி 19, 2025

மாமா,

பேப்பர் வந்தது. வீட்டில் பாதி உங்களுக்கு என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். எதுவும் வேண்டாம் என்று நீங்கள் எழுதினது குற்றவாளியாக இருந்தபோது. அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்.

கோயிலில் என்ன வேண்டினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படியாவது தெரிந்துவிட வேண்டும், ஆனால் நான் சொல்லாமல் தெரிய வேண்டும் என்று வேண்டினேன். சாமிக்கே அது அசிங்கமாக இருந்திருக்கும்.

போன சனி, ஞாயிறு, திங்கள் பஸ் இல்லை. அந்த மூன்று நாளும் கடையைத் திறந்துதான் வைத்திருந்தேன். நாலு குடும்பம் தாங்களாகவே காரில் போகிறார்கள் என்று கையுறை வாங்க வந்தார்கள். ஒரு பெண், புதுசாகக் கல்யாணமானவள், "அக்கா, ஃபார்ம்ல என்ன போடணும்?" என்று கேட்டாள். என் கதை தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று தெரியவில்லை. "ஒண்ணு போடு. எவன் சிரிச்சாலும் ஒண்ணு போடு" என்றேன். அவள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மானஸா போன் செய்தாள். ஒரு மணி நேரம். அவள் இங்கிலீஷில் பேசினாள், நான் தமிழில் அழுதேன். "அம்மா, ஸ்டாப், ஐ ஹாவ் கிளாஸ்" என்று வைத்தாள். அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாள் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அவளிடம் பயம் இல்லை. உங்களிடம்தான். நீங்கள் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தீர்களே, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் என்னை அப்படிப் பிடித்ததில்லை. சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அதுதான் உண்மையான காரணம். வியாபாரம் படுத்துவிடும் என்றும் இல்லை, கேஸ் வரும் என்றும் இல்லை.

நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் பேரம் பேச ஓர் இடம்கூட இல்லை. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஏழு இடம். எல்லாம் சரியாக இருக்கிறது.

கடைப் படியில் இறங்கிவிட்ட யாரையும் நான் திரும்பக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் சரக்குக்கு மதிப்பு போய்விடும் என்பதுதான் என் தொழில். அந்த வைராக்கியத்தில்தான் இந்த ஊரில் நின்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏனுங்க மாமா, கூப்பிடுகிறேன். வாங்க.

சாந்தாமணி